ஆஸ்திரேலியப் பழங்குடியினரும் குடியேற்றக்காரர்களும்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1770 ஏப்ரல் 29 அன்று ஆங்கிலக் கடலோடி ஜேம்ஸ் குக் ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவில் இறங்கியதற்குப் படம் தேடினால் முதலில் கண்ணில் படுவது எமானுவேல் ஃபிலிப்ஸ் ஃபாக்ஸின் எண்ணெய் வண்ண ஓவியம். கரையில் குக் நிமிர்ந்து நிற்கிறார். துப்பாக்கியை உயர்த்திய தன் ஆட்களைக் கையை நீட்டித் தடுக்கிறார். அவரை எதிர்த்த இருவர் தூரத்தில் சிறிய உருவங்களாகத் தெரிகிறார்கள். மெல்போர்னில் உள்ள விக்டோரியா தேசிய ஓவியக்கூடத்தின் இந்தப் படத்தை அப்படியே எடுத்து, கீழே "1770, குக்கின் வருகை" என்று எழுதிவிடுகிறோம். தவறு இங்கேயே தொடங்கிவிடுகிறது. ஃபாக்ஸ் இதை வரைந்தது 1902இல், லண்டனில். நிகழ்ச்சிக்கும் ஓவியத்துக்கும் இடையே 132 ஆண்டுகள்.

குக்கின் நாட்குறிப்பைப் படித்தால் தடுத்த கை எங்கும் இல்லை. கரையில் இருவர் ஈட்டியுடன் நின்று படகுகளை இறங்கவிடாமல் எதிர்த்தார்கள். குக் முதலில் அவர்கள் இருவருக்கும் நடுவே சுட்டார். அவர்கள் கல்லெறிந்தார்கள். இரண்டாவது முறை சிறு ரவைகளால் சுட்டதில் ஒருவருக்குக் காயம் பட்டது. அவர் போய்க் கேடயம் எடுத்து வந்தார். கரை இறங்கியபின் ஈட்டிகள் பறந்தன, மூன்றாவது முறையும் சுட்டார்கள். பின்னர் குடிசைகளுக்குள் புகுந்து, ஒளிந்திருந்த குழந்தைகளிடம் மணிகளை விட்டுவிட்டு, 40, 50 ஈட்டிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் மணிகள் தொடப்படாமல் கிடந்தன. சுட்டவரே எழுதிவைத்த இந்தக் கணக்கை விட்டுவிட்டு 1902இன் ஓவியத்தை நம்புவதற்குக் காரணமே இல்லை.

படத்தின் வயதும் நிகழ்ச்சியின் வயதும்

ஒரு படத்தை எடுத்தாளும் முன் நான்கு விவரங்களைக் கேளுங்கள். நிகழ்ச்சி எந்த ஆண்டு? படம் எந்த ஆண்டு? வரைந்தவர் நேரில் பார்த்தாரா? நம் கையில் இருப்பது மூலப்படமா, அதைப் பார்த்து இன்னொருவர் செதுக்கிய அச்சா? பெரும்பாலான சறுக்கல் கடைசிக் கேள்வியில்தான்.

குக்கின் எண்டெவர் கப்பலில் வந்த ஓவியர் சிட்னி பார்க்கின்சன் பாட்டனி விரிகுடாவில் நேரில் இருந்தவர். ஆனால் ஊர் திரும்பும் வழியில் 1771 ஜனவரியில் கடலிலேயே இறந்துபோனார். போருக்கு முன்னேறும் இரு பழங்குடியினர் என்று அவர் பெயரில் உலவும் புகழ்பெற்ற படம் 1773இல் தாமஸ் சேம்பர்ஸ் செதுக்கிய அச்சு. கால்களை அகட்டி நிற்பது, தசைகளின் திரட்சி, கை ஓங்கும் விதம் எல்லாம் கிரேக்க, ரோமானியச் சிலைகளை நகலெடுத்துப் பழகிய கையின் வேலை. "அன்று அவர்கள் இப்படித்தான் இருந்தார்கள்" என்று சொல்ல இதைச் சான்றாகக் காட்டக் கூடாது. அன்றைய லண்டன் வாசகர்கள் எப்படிப்பட்ட எதிரியைப் பார்க்க விரும்பினார்கள் என்பதற்கு இது நல்ல சான்று.

நேரில் பார்த்து வரைந்த படம் வேண்டுமானால், மரப்பட்டை ஓடங்களில் மீன் பிடிப்போரைக் காட்டும் 1770இன் நீர்வண்ணப் படம் ஒன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. வரைந்தவர் ஐரோப்பியர் கிடையாது. ராயதேயா தீவிலிருந்து கப்பலில் வந்த வழிகாட்டியும் பூசாரியுமான தூபாயா. நெடுங்காலம் இதைப் பெயர் தெரியாத ஓவியர் கணக்கில் வைத்திருந்தார்கள். குக்கோடு வந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் 1812இல் எழுதிய கடிதம் ஒன்று 1997இல் கண்டெடுக்கப்பட்ட பிறகே தூபாயாவின் பெயர் உறுதியானது. அதற்கு முன் வந்த நூல்களைப் பார்த்து எழுதினால் பழைய பிழை அப்படியே தொடரும்.

இன்னும் மோசமான உதாரணம் தாஸ்மேனியாவின் அறிவிப்புப் பலகைகள். நான்கு வரிசைப் படங்கள். மேலே இரு இனத்தாரும் நட்பாக நிற்கிறார்கள். அடுத்து ஆளுநருடன் சந்திப்பு. மூன்றாவதில் வெள்ளையரை ஈட்டியால் குத்தியவரைத் தூக்கிலிடுகிறார்கள். நான்காவதில் பழங்குடியினரைச் சுட்ட வெள்ளையரைத் தூக்கிலிடுகிறார்கள். இவை ஆளுநர் ஜார்ஜ் ஆர்தர் காலத்தில், நில அளவைத் தலைவர் ஜார்ஜ் ஃபிராங்க்லேண்டின் யோசனைப்படி, 1829-30 வாக்கில் செய்யப்பட்டவை. ஆனால் 1860களில் அச்சான பிரதிகளில் "ஆளுநர் டேவியின் அறிவிப்பு, 1816" என்று தவறாகப் போட்டுவிட்டார்கள். அந்தத் தலைப்பு இன்றும் இணையத்தில் ஓடுகிறது. உங்கள் படத்தில் "1816" என்றோ "டேவி" என்றோ இருந்தால், அது அந்தப் பிற்காலப் பிரதியின் வழி வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். 13 ஆண்டுப் பிழைதானே என்று விட முடியாது. 1816இல் இந்தப் பலகை நல்லெண்ண முயற்சியாகத் தெரியும். 1829இல் அது கறுப்புப் போர் என்று அழைக்கப்படும் மோதலின் நடுவே, ராணுவச் சட்டம் நடப்பில் இருந்தபோது, மரங்களில் தொங்கவிடப்பட்டது. நான்காவது வரிசையை நடந்த செய்தியாக எழுதுவது அடுத்த பிழை. பழங்குடியினரைக் கொன்றதற்காக அந்தத் தீவில் எந்த வெள்ளையரும் தூக்கிலிடப்படவில்லை.

படக்குறிப்பு இந்த அளவாவது இருக்கட்டும்: "1770இல் குக் பாட்டனி விரிகுடாவில் இறங்கியதை 1902இல் கற்பனையாக வரைந்த ஓவியம். எதிர்த்தவர்கள் குவீகல் மக்கள். ஓவியர்: ஃபிலிப்ஸ் ஃபாக்ஸ், விக்டோரியா தேசிய ஓவியக்கூடம், மெல்போர்ன்." மூன்று வரி, அவ்வளவுதான்.

அருங்காட்சியகப் பொருள்களிலும் இதே கவனம் வேண்டும். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் துளையுடன் உள்ள மரப்பட்டைக் கேடயத்தை, குக்கின் குண்டு துளைத்த கேடயம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. மரத்தைச் சோதித்தபோது அது பாட்டனி விரிகுடாவில் வளராத, வடக்கே வளரும் செங்கண்டல் வகை என்று தெரிந்தது. துளை துப்பாக்கியால் ஆனது என்பதற்கும் சான்று கிடைக்கவில்லை. 2018இல் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு "1770இல் எடுத்த கேடயம்" என்று உறுதியாக எழுத இடமில்லை. ஈட்டிகளின் கதை இதற்கு நேர்மாறு. அள்ளிச் சென்றவற்றில் 4 ஈட்டிகள் 1771 முதல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் உடைமையாக இருந்தன, பதிவு அறுபடவில்லை. 2024 ஏப்ரலில் அவை லா பெரூஸ் பழங்குடிச் சமூகத்திடம் திருப்பித் தரப்பட்டன. ஆக, "குக் எடுத்தது" என்று துணிந்து சொல்ல வேண்டுமானால் ஈட்டிகளைச் சொல்லுங்கள்.

"முதல் சந்திப்பு" எங்கே, எப்போது?

ஆஸ்திரேலியாவுக்கு ஒரே ஒரு முதல் சந்திப்பு என்று ஒன்று கிடையாது. 1606இல் டச்சுக்காரர் வில்லெம் யான்சூன், டைஃப்கென் கப்பலில் கேப் யார்க்கின் மேற்குக் கரைக்கு வந்தார். அங்கேயே மோதலும் நடந்தது. வடக்குக் கரையில் ஐரோப்பியருக்குத் தொடர்பே இல்லாத இன்னோர் உறவு நடந்துகொண்டிருந்தது. சுலவேசியின் மக்காசார் மாலுமிகள் பருவக்காற்றோடு வந்து, கடலட்டையைப் பிடித்து, வேகவைத்து, உலர்த்தி எடுத்துப் போனார்கள். 1803 பிப்ரவரியில் மாத்யூ ஃபிலிண்டர்ஸ் ஆர்ன்ஹெம் லேண்ட் ஓரத்தில் பொபாஸ்ஸூ என்ற தலைவரின் 6 பாய்மரப் படகுகளைச் சந்தித்தார். அப்பகுதியின் யோல்ங்கு மக்களின் மொழியிலும் பாட்டிலும் பட்டை ஓவியங்களிலும் இந்த உறவின் தடம் இருக்கிறது. இதை விட்டுவிட்டு, "1770 வரை வெளியுலகமே அறியாத கண்டம்" என்று எழுதுவது நேரடியான பிழை.

மறுமுனையில், மேற்குப் பாலைவனத்தின் பிந்துபி குடும்பம் ஒன்று, 9 பேர், தங்கள் உறவினர்களின் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தது 1984இல். அதனால் "முதல் சந்திப்பு" என்று எழுதினால் கூடவே எந்தக் கரை, எந்த மக்கள், எந்த ஆண்டு என்ற மூன்றும் வர வேண்டும்.

நாளைக் குறிப்பதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. குக் மேற்கு நோக்கி உலகைச் சுற்றி வந்தபோது தன் நாட்கணக்கை மாற்றவில்லை. போதாக்குறைக்கு, கப்பல் நாள் நண்பகலில் தொடங்கும். ஆஸ்திரேலியாவில் முதலில் தென்பட்ட பாயிண்ட் ஹிக்ஸ் முனையைக் கண்டது நாட்குறிப்பில் ஏப்ரல் 19. இன்றைய ஆஸ்திரேலிய நாட்காட்டியில் 20. இரண்டு நூல்களில் ஒரு நாள் வித்தியாசம் வந்தால் அவசரப்பட்டு ஒன்றைத் திருத்த வேண்டாம்.

1770ஐயும் 1788ஐயும் கலப்பது பள்ளிப் பாடக் குறிப்புகள் வரை இருக்கிறது. குக் பாட்டனி விரிகுடாவில் தங்கியது ஒரு வாரத்துக்குச் சற்று கூடுதல். குடியேற்றம் ஆர்தர் ஃபிலிப்பின் 11 கப்பல்களோடு 1788 ஜனவரியில் வந்தது; ஜனவரி 26 அன்று கொடி ஏறியது சிட்னி கோவ் என்ற சிறு குடாவில், காடிகல் மக்களின் நிலத்தில்.

பெயரில்லாத வழிகாட்டிகள்

பயண வரலாறுகளில் "ஆய்வாளர் தனியாகப் பாலைவனத்தைக் கடந்தார்" என்ற வாக்கியத்தை எங்கே கண்டாலும் சந்தேகப்படுங்கள். ஃபிலிண்டர்ஸ் 1802-03இல் கண்டத்தைச் சுற்றியபோது கூடவே போனவர் புங்காரி. 1841இல் எட்வர்ட் ஐர் தெற்குக் கரையோரமாக ஆல்பனி சேர்ந்தபோது கடைசிவரை உடன் இருந்தவர் வைலி. 1848இல் எட்மண்ட் கென்னடி ஈட்டிக் காயத்தில் இறந்தபின் தன்னந்தனியாகக் கப்பலை அடைந்து செய்தி சொன்னவர் கல்மாரா. ஏடுகளில் ஜாக்கி ஜாக்கி. தாமஸ் மிட்செலுக்கு வழி காட்டியவர் விராஜுரி மனிதரான யுரானி. இவர்கள் "உதவியாளர்கள்" என்ற ஒரே சொல்லுக்குள் காணாமல் போகிறார்கள். இவர்களை எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவான பிரதிநிதிகளாக்குவது அடுத்த தவறு. தன் ஊரை விட்டு வெளியே வந்தால் வைலியும் புங்காரியும் அங்கிருந்தவர்களுக்கு அந்நியர்களே. புங்காரி பல கரைகளில் சைகையாலும் நடத்தையாலும்தான் வழி திறந்தார்.

பர்க்-வில்ஸ் பயணத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1860 ஆகஸ்டில் மெல்போர்னிலிருந்து பெரும் சாமான்களோடு கிளம்பிய பயணம், 1861 ஜூன் இறுதியில் கூப்பர் ஓடைக் கரையில் ராபர்ட் பர்க்கும் வில்லியம் வில்ஸும் இறந்ததோடு முடிந்தது. "கொடிய பாலைவனம் கொன்றது" என்று எழுதுவார்கள். அந்த ஓடைக்கரையில் யாண்ட்ருவாண்டா மக்கள் மீனும் நார்டூவும் உண்டு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நார்டூ ஒரு நீர்ப் பெரணி. நம் ஆரைக்கீரையின் இனம். அதன் கடினமான வித்துறைகளை அரைத்து மாவாக்குவார்கள். சிக்கல் என்னவென்றால், அதில் பி1 வைட்டமினை அழிக்கும் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. யாண்ட்ருவாண்டா பெண்கள் அதைக் கல்லில் நிறைய நீர்விட்டு அரைத்து, கூழாக்கி, சிப்பி ஓட்டால் அள்ளி உண்ணச் செய்தார்கள். வெள்ளையர்கள் தங்கள் மாவு வழக்கப்படி செய்துகொண்டார்கள். வயிறு நிறைய உண்டும் கால் தளர்ந்துகொண்டே போனதை வில்ஸ் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1994இல் வெளிவந்த ஆய்வு இந்த அறிகுறிகளை, பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயோடு பொருத்தியது. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வியும் சேர்ந்திருக்கலாம் என்ற வாதம் உண்டு. எனவே "நார்டூ நஞ்சால் செத்தார்கள்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். கொண்டுவந்து தந்த மீனை பர்க் தட்டிவிட்டதும் துப்பாக்கியால் மிரட்டியதும் உயிர் பிழைத்த ஜான் கிங் சொன்னவை. அந்த கிங்கைத்தான் யாண்ட்ருவாண்டா மக்கள் தங்களோடு வைத்துக் காப்பாற்றினார்கள். 1861 செப்டம்பர் 15 அன்று தேடி வந்த குழு அவரை உயிரோடு கண்டது.

புங்காரியின் படங்களில் கழுத்தில் பிறை வடிவப் பித்தளைத் தகடு தொங்கும். "பழங்குடி மன்னரின் ஆபரணம்" என்று குறிப்பு எழுதாதீர்கள். 1815இல் ஆளுநர் மக்குவாரி தந்தது அது. தலைவர் பட்டத்தை ஆங்கில அரசே தனக்கு வசதியானவருக்குச் சூட்டியது.

மோதலை மழுப்புவதும் மிகைப்படுத்துவதும்

"எதிர்ப்பின்றி நிலம் கைப்பற்றப்பட்டது" என்பவர்கள் பெமுல்வுய் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். 1790 டிசம்பரில் ஆளுநரின் வேட்டைக்காரர் மெக்கின்டயரை ஈட்டியால் குத்தியது தொடங்கி, 1802இல் கொல்லப்படும்வரை சிட்னியைச் சுற்றிய பண்ணைகளைத் தாக்கியவர் அவர். அதே 1790 செப்டம்பரில் மேன்லியில் ஆளுநர் ஃபிலிப்பே தோளில் ஈட்டி வாங்கினார். பெனலாங் முன்னிலையில் நடந்தது. அதைத் திடீர் வெறித்தனம் என்பதைவிட, பெனலாங் உட்பட மூவரைக் கடத்தியதற்கு அவர்கள் முறைப்படி தந்த தண்டனை என்று பல வரலாற்றாய்வாளர்கள் படிக்கிறார்கள். ஃபிலிப் அதற்குப் பழிவாங்கவில்லை. மெக்கின்டயருக்காகப் படை அனுப்பினார். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த மனிதர் புரிவார்.

மயால் கிரீக் படுகொலையை மட்டும் சொல்லி "குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டார்கள்" என்று முடிப்பது இன்னொரு வகை மழுப்பல். 1838 ஜூன் 10 அன்று குறைந்தது 28 பழங்குடியினர் கொல்லப்பட்டார்கள். முதல் விசாரணையில் விடுதலை, மறு விசாரணைக்குப் பின் டிசம்பரில் 7 பேருக்குத் தூக்கு. அது விதிவிலக்கு. 90 ஆண்டு கழித்து, 1928இல் கோனிஸ்டனில் பழங்குடியினர் 31 பேர் கொல்லப்பட்டதை ஒப்புக்கொண்ட அரசு விசாரணையே சுட்டவர்கள் மேல் தவறில்லை என்றது.

மிகைக்கும் உதாரணம் உண்டு. 1789 ஏப்ரலில் சிட்னி மக்களை வாரிக்கொண்டு போன பெரியம்மையை "வெள்ளையர் வேண்டுமென்றே பரப்பினார்கள்" என்று தீர்ப்பாக எழுதுகிறார்கள். கப்பலில் அம்மைச் சீழ் புட்டிகளில் இருந்தது உண்மை. வடக்கிலிருந்து மக்காசார் வழியாக வந்திருக்கலாம் என்ற வாதமும் இருக்கிறது. வழக்கு முடியவில்லை, பேரழிவைச் சொல்லுங்கள், வழியைத் தீர்மானிக்காதீர்கள்.

"1876இல் ட்ருகனினி இறந்ததோடு தாஸ்மேனியர் இனம் அழிந்தது" என்ற வரி இன்றும் பொது அறிவு நூல்களில் வருகிறது. தாஸ்மேனியப் பழங்குடிப் பெண் ஃபேனி காக்ரேன் ஸ்மித் 1905வரை வாழ்ந்தார். 1899லும் 1903லும் அவர் பாடியது மெழுகு உருளைகளில் பதிவாகியிருக்கிறது. பாஸ் நீரிணைத் தீவுகளில் தழைத்த குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்களை அழிந்துபோனவர்கள் என்று எழுதுவதைவிட மோசமான பிழை இந்தப் பொருளில் இல்லை.

சட்டத்தில் மூன்று பிழைகள், சுருக்கமாக. குக்குக்குத் தரப்பட்ட ரகசிய ஆணை "குடிமக்களின் சம்மதத்தோடு" நிலத்தைக் கைக்கொள்ளச் சொன்னது; 1770 ஆகஸ்ட் 22 அன்று அவர் சம்மதம் எதுவும் கேட்காமல் கொடியேற்றினார். ஆகவே "அன்றைய விதி அப்படி" என்பது சரியான சமாதானம் ஆகாது. இரண்டாவது, பூர்வகுடிகளின் நில உரிமையை ஏற்ற 1992 ஜூன் 3 மாபோ தீர்ப்பு, டாரஸ் நீரிணையில் உள்ள மெரியம் மக்களின் வழக்கு. அவர்கள் தனி இனம், நிலப்பரப்புப் பழங்குடியினரோடு கலக்கக் கூடாது. மூன்றாவது, "1967வரை பழங்குடியினர் தாவர, விலங்குச் சட்டத்தின்கீழ் இருந்தார்கள்" என்பது கட்டுக்கதை. அப்படி ஒரு சட்டமே இல்லை. 1967 மே 27 வாக்கெடுப்பு வாக்குரிமையும் தரவில்லை. கூட்டரசுத் தேர்தலில் அது 1962இலேயே வந்துவிட்டது. 1967இல் மாறியவை அரசியல் சட்டத்தின் இரண்டு இடங்கள்: பழங்குடியினருக்காகக் கூட்டரசு சட்டமியற்றலாம், மக்கள்தொகைக் கணக்கில் அவர்களைச் சேர்க்கலாம். ஆதரவு 90.77 சதவீதம்.

நம் பங்குக்கு நாம் சேர்க்கும் பிழைகள்

"ஆஸ்திரேலியாவில் தமிழ் மணி கிடைத்தது" என்று பகிர்கிறார்கள். தமிழ் எழுத்துகள் பொறித்த அந்த வெண்கல மணியை மதபோதகர் வில்லியம் கொலென்சோ கண்டது நியூசிலாந்தில், மாவோரி மக்களிடம், 1830களில். இப்போது வெலிங்டன் தே பாபா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாவோரிகள் வேறு மக்கள், வேறு வரலாறு, 1840இல் வைத்தாங்கி உடன்படிக்கை செய்துகொண்டவர்கள்.

கால்டுவெல் தன் ஒப்பிலக்கணத்தில் ஆஸ்திரேலிய மொழிகளின் மூவிடப் பெயர்களைத் திராவிடத்தோடு ஒப்பிட்டது மெய். அந்த உறவு அதன்பின் நிறுவப்படவில்லை. சுமார் 4,000 ஆண்டுக்கு முன் இந்தியாவிலிருந்து மரபணு கலந்தது என்ற 2013 ஆய்வை மட்டும் மேற்கோள் காட்டுவோர், 2016இல் வந்த ஒய் குரோமோசோம் ஆய்வு அதை ஆதரிக்கவில்லை என்பதைச் சொல்வதில்லை. வளரியும் பூமராங்கும் உருவத்தில் ஒத்திருப்பதும் சான்று ஆகாது. எகிப்தின் துட்டன்காமன் கல்லறையிலும் எறிகோல்கள் கிடைத்தன. ஆஸ்திரேலியாவிலேயே தாஸ்மேனியர்களிடம் பூமராங் கிடையாது.

"இவ்வளவு நேர்த்தியாக இவர்கள் வரைந்திருக்க முடியாது, வெளியார் வேலை" என்ற வாதம் எந்த உருவில் வந்தாலும் கவனம். 1838இல் ஆய்வுப் பயணி ஜார்ஜ் கிரே வடமேற்கில் உள்ள கிம்பர்லியில் வாண்ட்ஜினா பாறை ஓவியங்களைக் கண்டு அந்நியர்கள் வரைந்தவை என்றுதான் முடிவு செய்தார். வொரோரா, ஙரின்யின், வுனம்பல் மக்கள் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் புதுப்பித்து வந்தவர்கள். வேற்றுக்கிரகவாசி யூடியூப் காணொளிகள் கிரேயின் பேரப்பிள்ளைகள்.

1788 சிட்னிக் காட்சிக்குப் புள்ளி ஓவியமும் டிஜெரிடூ என்ற நீண்ட மரக்குழலும் சேர்த்து அட்டைப்படம் செய்வது வடிவமைப்பாளர்களின் பழக்கம். டிஜெரிடூ வடக்குக் கரை மக்களின் கருவி. பலகையில் அக்ரிலிக் புள்ளி ஓவியம் 1971இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே பப்புன்யாவில் தொடங்கியது. அதன் குறிகள் மணல் ஓவியத்திலும் உடல் ஓவியத்திலும் பழையவை, ஊடகம் புதியது. ஆரம்பகாலப் பப்புன்யாப் பலகைகள் சிலவற்றில் சடங்கு அறியாதோர் பார்க்கக் கூடாத உருவங்கள் உள்ளதால் காட்சிக்கு வைக்கப்படுவதில்லை. பழைய ஏல நூல்களில் கிடைக்கிறதே என்று ஸ்கேன் செய்து போட்டுவிடாதீர்கள்.

ஒளிப்படங்களுக்கும் இதே எச்சரிக்கை. ட்ருகனினி தன் உடலைத் தொடக் கூடாது என்று கேட்டிருந்தும், எலும்புக்கூடு 1947வரை ஹோபார்ட் அருங்காட்சியகத்தில் பார்வைக்கு இருந்தது. 1976இல்தான் எரித்துக் கடலில் தூவினார்கள். காட்சியில் வைத்த அந்த எலும்புக்கூட்டின் படம் இணையத்தில் கிடைத்தாலும் வெளியிட வேண்டாம். இறந்தவர்களின் உருவத்தையோ பெயரையோ காண்பது பல சமூகங்களில் துயர வழக்கத்துக்கு மாறானது. அதனால் ஆஸ்திரேலிய நூலகங்களும் தொலைக்காட்சிகளும் முன்கூட்டியே ஓர் எச்சரிக்கை வரி போடுகின்றன. நீங்களும் போடுங்கள், முதல் படத்துக்கு மேலே. கட்டுரையின் அடியில் போட்டால் படிப்பவர் அதற்குள் படத்தைப் பார்த்திருப்பார்.